ஜூலியன் பாண்ட்

ஹோரஸ் ஜூலியன் பாண்ட் (ஜனவரி 14, 1940 – ஆகஸ்ட் 15, 2015) ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலச் சட்டமன்றத்தில் இருபது ஆண்டுகள் உறுப்பினராக இருந்த ஆபிரிக்க அமெரிக்க அரசியல்வாதியும் குடிசார் உரிமைப் போராளியும் ஆவார். மாநிலத்தின் கீழவைக்கு 1965 ஆம் ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட இவரை, வியட்நாம் போரை எதிர்த்துக் கருத்துக் கூறினார் என்பதற்காக அவ்வவை உறுதிமொழி ஏற்க விடாமல் வெளியே நிறுத்தியது. அதே தொகுதி மக்கள் இவரை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1966 டிசம்பரில் ஒருமனதாக அளித்த தீர்ப்பின்படி 1967 ஜனவரியில் இவர் தமது இருக்கையில் அமர்ந்தார். 'பாண்ட் எதிர் ஃபிளாய்டு' எனப்படும் இவ்வழக்கு, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பேச்சுரிமை பற்றிய முதன்மையான வழக்குகளுள் ஒன்றாக அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

பாண்ட் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பிறந்தார். இவருடைய பாட்டனார் ஜேம்ஸ் பாண்ட் அடிமையாகப் பிறந்தவர். பின்னர் கல்வி கற்று மதகுருவானார். தந்தை ஹோரஸ் மான் பாண்ட் கல்வியாளர். ஜோர்ஜியாவின் ஃபோர்ட் வாலி கல்லூரிக்குத் தலைவராக இருந்த அவர், 1945 இல் பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. தாயார் ஜூலியா நூலகர். டபிள்யூ. ஈ. பி. டு பொய்ஸ், பால் ராப்சன் போன்றோர் வந்து செல்லும் வீடாக அது இருந்தது.

போரையும் வன்முறையையும் ஏற்காத குவேக்கர் சமயப் பிரிவினர் பென்சில்வேனியாவில் நடத்திய ஜோர்ஜ் ஸ்கூல் என்னும் விடுதிப் பள்ளியில் பாண்ட் பயின்றார். போர் பற்றிய இவருடைய பிற்காலக் கருத்துகளுக்கு இப்பள்ளியின் தாக்கமும் ஒரு காரணம். 1957 இல் குடும்பம் அட்லான்டாவுக்குக் குடிபெயர்ந்தது. அவ்வாண்டே அங்குள்ள மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு மார்ட்டின் லூதர் கிங் நடத்திய மெய்யியல் வகுப்பில் பயின்ற மிகச் சில மாணவர்களுள் இவரும் ஒருவர்.

மாணவர் இயக்கத்தில்

1960 மார்ச் 15 அன்று அட்லான்டாவின் கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் உணவு வழங்கிய சிற்றுண்டிச் சாலைகளில் அமர்ந்து மறியல் செய்தனர். பாண்ட் தலைமையிலான குழு நகர மன்றக் கட்டடத்தின் சிற்றுண்டிச் சாலைக்குச் சென்று கைதானது. அடுத்த மாதம் வட கரோலைனாவில் மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு தொடங்கப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு 'ஸ்னிக்' என அழைக்கப்பட்ட இவ்வமைப்பின் தொடக்க உறுப்பினர்களுள் பாண்டும் ஒருவர். படிப்பை முடிக்காமலேயே 1961 இல் கல்லூரியை விட்டு விலகி அமைப்பின் செய்தித் தொடர்புப் பொறுப்பை ஏற்றார். (பத்தாண்டுகளுக்குப் பின், சட்டமன்ற உறுப்பினராக இருக்கும்போதே, 1971 இல் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றார்.)

மிசிசிப்பி, அலபாமா, தென்மேற்கு ஜோர்ஜியா ஆகிய பகுதிகளில் வாக்காளர் பதிவுப் பணியில் ஈடுபட்ட இளைஞர்கள் தாக்கப்படுவதும் கைதாவதும் அன்றாட நிகழ்வுகளாக இருந்தன. அவர்கள் தொலைபேசியில் சொல்லும் செய்திகளைத் தொகுத்துச் செய்தித்தாள்களுக்கு அனுப்புவதும், 'ஸ்டூடன்ட் வாய்ஸ்' என்னும் இதழை நடத்துவதும் பாண்டின் வேலை. களத்தில் அடிபட்டவர்களுள் ஒருவராக அல்லாமல், அவர்களுடைய செய்தியை உலகுக்குச் சொன்னவராகவே இவர் அறியப்பட்டார். அமைதியாகவும் அளந்தும் பேசுவார். செய்தியாளர்களிடம் எதை எப்படிச் சொல்வது என்பதை நன்கு அறிந்த ஒருவருக்கு, பிற்காலத்தில் ஒரு தொலைபேசி நேர்காணலே பதவியைப் பறிக்கும் காரணமாக அமைந்தது.

ஜோர்ஜியா சட்டமன்றம்

ஜோர்ஜியாவின் சட்டமன்றம் கீழவை, மேலவை (செனட்) என இரு அவைகளைக் கொண்டது. இரண்டின் உறுப்பினர்களும் இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். கூட்டத்தொடர் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் தொடங்கிச் சில மாதங்களில் முடிந்துவிடும். எனவே உறுப்பினர்களுள் பெரும்பாலோர் வேறு தொழிலும் செய்பவர்கள்.

இம்மன்றத்தில் கறுப்பினத்தவரின் வரலாறு கசப்பானது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868 இல் முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் இரு அவைகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரிலேயே, வாக்களிக்கும் உரிமை இருந்தாலும் பதவி வகிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று வாதிட்டு, வெள்ளையின உறுப்பினர்கள் அவர்களுள் பெரும்பாலோரை வெளியேற்றினர். மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பும் கூட்டரசின் தலையீடும் வந்த பிறகே, 1870 இல் அவர்கள் மீண்டும் அவைக்குள் வந்தனர். அந்த நிலையும் நீடிக்கவில்லை. வாக்குரிமை படிப்படியாகப் பறிக்கப்பட்டது. 1907 இல் கீழவையின் கடைசிக் கறுப்பின உறுப்பினரும் விலகிய பின், ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவ்வவையில் கறுப்பினத்தவர் எவரும் இருக்கவில்லை. மேலவைக்கு 1962 இல் லெராய் ஜோன்சன் என்பவர் தேர்ந்தெடுக்கப்பட்டதே முதல் மாற்றம்.

வாக்குரிமை மறுப்புடன் இடப்பங்கீடும் ஒரு தடையாக இருந்தது. மாநிலத்தில் 159 கவுண்டிகள் உண்டு. கீழவையின் 205 இடங்களில், மக்கள்தொகை மிகுந்த எட்டுக் கவுண்டிகளுக்குத் தலா மூன்று, அடுத்த முப்பதுக்குத் தலா இரண்டு, எஞ்சிய 121 கவுண்டிகளுக்குத் தலா ஒன்று என வழங்கப்பட்டிருந்தது. 1960 மக்கள்தொகைக் கணக்கின்படி அட்லான்டா நகரை உள்ளடக்கிய ஃபுல்டன் கவுண்டியில் 5,56,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். அவர்களுக்கு மூன்று உறுப்பினர்கள். எக்கோல்ஸ் கவுண்டியில் வாழ்ந்தவர்கள் 1,900 பேருக்கும் குறைவு. அவர்களுக்கு ஓர் உறுப்பினர். 1962 முதல் 1964 வரை உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து அளித்த தீர்ப்புகள் இந்த ஏற்பாட்டைச் செல்லாததாக்கின. மக்கள்தொகைக்கு ஏற்பத் தொகுதிகள் மீண்டும் வரையறுக்கப்பட்டு, 1965 இல் சிறப்புத் தேர்தல் நடத்தப்பட்டது. அட்லான்டாவுக்குப் பல புதிய தொகுதிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று 136 ஆம் தொகுதி. பாண்டின் அரசியல் வாழ்வு தொடங்கியது நீதிமன்றம் திறந்துவிட்ட இவ்வழியில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

1965 தேர்தல்

136 ஆம் தொகுதியில் ஏறத்தாழ 6,500 வாக்காளர்கள் இருந்தனர். அவர்களுள் 6,000 பேர் அளவில் கறுப்பினத்தவர். கல்லூரி ஆசிரியர்களின் வீடுகளும் கூலித் தொழிலாளர்களின் நெருக்கமான குடியிருப்புகளும் அருகருகே அமைந்த பகுதி அது. மார்ட்டின் லூதர் கிங்கின் வீடும் இத்தொகுதியிலேயே இருந்தது.

அதுவரை நாட்டுப்புறங்களிலேயே பணியாற்றிய ஸ்னிக் அமைப்பினர், நகர் ஒன்றில் தேர்தல் அரசியலை முயன்று பார்க்க இதனை ஒரு வாய்ப்பாகக் கொண்டனர். பாண்ட் ஜனநாயகக் கட்சியின் சார்பில் போட்டியிட்டார். அக்காலத்தில் தென் மாநிலங்களில் கறுப்பின வாக்குகளைத் தேவாலயத் தலைவர்கள், வணிகர்கள் வழியாகத் திரட்டுவது வழக்கம். பாண்டும் தோழர்களும் அதற்கு மாறாக வீடு வீடாகச் சென்றனர். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தமக்கு என்ன செய்ய வேண்டும் என்று மக்களையே கேட்டனர். மணிக்கு இரண்டு டாலர் குறைந்தபட்ச ஊதியம், தொழிற்சங்கங்களை வலுவிழக்கச் செய்த சட்டத்தை நீக்குதல், நகரச் சீரமைப்புத் திட்டங்களை மேம்படுத்துதல், மரண தண்டனை ஒழிப்பு ஆகியன இவருடைய தேர்தல் அறிக்கையில் இடம்பெற்றன.

முதனிலைத் தேர்தலில் வென்ற பாண்ட், ஜூன் மாதம் நடந்த பொதுத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் மால்கம் டீனை எதிர்கொண்டார். அட்லான்டா பல்கலைக்கழகத்தில் மாணவர் நலப் பொறுப்பாளராக இருந்த அவரும் கறுப்பினத்தவரே. பாண்ட் 2,320 வாக்குகளும் டீன் 487 வாக்குகளும் பெற்றனர். வென்றபோது பாண்டுக்கு வயது 25. அதே தேர்தலில் வேறு சில கறுப்பினத்தவரும் கீழவைக்குத் தேர்வாயினர். அவர்களுள் கிரேஸ் டவுன்ஸ் ஹாமில்டன், ஜோர்ஜியா சட்டமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினர் ஆவார்.

பதவி மறுப்பு

புதிய அவை 1966 ஜனவரி 10 அன்று கூடவிருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜனவரி 3 இரவு, அலபாமாவின் டஸ்கீகி நகரில் சாமுவேல் யங் என்னும் மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கடற்படையில் பணியாற்றித் திரும்பியவரும் ஸ்னிக் அமைப்பின் தொண்டருமான அவர், பெட்ரோல் நிலையம் ஒன்றில் வெள்ளையருக்கான கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றதால் எழுந்த தகராறில் உயிரிழந்தார். ஜனவரி 6 அன்று ஸ்னிக் வெளியிட்ட அறிக்கை, இக்கொலையையும் வியட்நாம் மக்களின் சாவையும் ஒப்பிட்டது. உள்நாட்டில் கறுப்பினத்தவரின் உரிமையைக் காக்காத அரசு, வெளிநாட்டில் சுதந்திரத்துக்காகப் போரிடுவதாகச் சொல்வது ஏமாற்று என்றது. கட்டாய இராணுவ அழைப்பை ஏற்க விரும்பாத இளைஞர்களுக்கு ஆதரவு தெரிவித்தது.

அறிக்கையை எழுதியவர் பாண்ட் அல்லர். ஆயினும் அன்றே வானொலிச் செய்தியாளர் ஒருவர் தொலைபேசியில் கேட்டபோது, தாம் அதனை ஏற்பதாகக் கூறினார். எல்லாப் போர்களையும் தாம் எதிர்ப்பதாகவும், குறிப்பாக இப்போரை எதிர்ப்பதாகவும் சொன்னார். சட்டமன்ற உறுப்பினராக ஏற்க வேண்டிய உறுதிமொழிக்கும் இக்கருத்துக்கும் முரண்பாடு ஏதும் இல்லை என்றும் கூறினார். 1966 தொடக்கத்தில் அமெரிக்கப் பொதுமக்களிடையே போருக்கு ஆதரவு மிகுந்திருந்தது. குடிசார் உரிமை அமைப்புகளுள் பெரும்பாலானவை போர் பற்றி வாய் திறக்கவில்லை. மார்ட்டின் லூதர் கிங் போரைக் கண்டித்து நியூயோர்க்கில் ஆற்றிய புகழ்பெற்ற உரைகூட 1967 ஏப்ரலில்தான் நிகழ்ந்தது.

நேர்காணல் வெளியானதும் கீழவை உறுப்பினர்கள் 75 பேர் பாண்டுக்கு எதிராக மனு அளித்தனர். எதிரிகளுக்கு உதவியும் ஊக்கமும் அளித்தார், இராணுவ அழைப்புச் சட்டத்தை மீறத் தூண்டினார், அவைக்கு இழுக்குத் தேடினார் என்பன அவர்களுடைய குற்றச்சாட்டுகள். இத்தகைய கருத்துடையவர் அரசியலமைப்பைக் காப்பதாக மனமார உறுதிமொழி ஏற்க இயலாது என்பது முடிவான வாதம். ஜனவரி 10 அன்று ஏனைய உறுப்பினர்கள் உறுதிமொழி ஏற்றபோது, மனுக்கள் மீது முடிவெடுக்கும் வரை பாண்டுக்கு உறுதிமொழி செய்து வைக்க முடியாது என அவைச் செயலர் மறுத்துவிட்டார்.

அன்றே சிறப்புக் குழு ஒன்று விசாரணை நடத்தியது. தொலைபேசி நேர்காணலின் ஒலிப்பதிவு ஒலிக்கவிடப்பட்டது. இராணுவ அழைப்பு அட்டையை எரிக்குமாறு தாம் எவருக்கும் சொன்னதில்லை என்று பாண்ட் விளக்கினார். தம்முடைய அட்டை தம் சட்டைப் பையிலேயே இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன் என்றார். கடும் தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தும் தம் நம்பிக்கைப்படி நடப்பவர்களின் துணிவைப் பாராட்டியதாக மட்டுமே கூறினார். சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. அன்று மாலை அவை வாக்களித்தது. பாண்டை உறுப்பினராக ஏற்பதில்லை என்னும் தீர்மானத்துக்கு ஆதரவாக 184 பேரும் எதிராக 12 பேரும் வாக்களித்தனர்.

இங்கு ஒன்றைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். அரசியலமைப்பு கேட்கும் வயது, குடியுரிமை, வசிப்பிடம் ஆகிய தகுதிகள் பாண்டுக்கு இருந்தன என்பதை எவரும் மறுக்கவில்லை. தேர்தல் முறையாக நடந்தது என்பதையும் மறுக்கவில்லை. உறுதிமொழி ஏற்க அவர் ஆயத்தமாக வந்து நின்றார். அந்த உறுதிமொழி உள்ளத்திலிருந்து வருமா என்பதை ஏனைய உறுப்பினர்கள் வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்யலாம் என்பதே அவையின் நிலைப்பாடு.

கீழ் நீதிமன்றமும் மீண்டும் தேர்தல்களும்

நான்கு நாள்களுக்குப் பின், ஜனவரி 14 அன்று, கிங் தலைமையில் மாநிலத் தலைமைக் கட்டடத்துக்குக் கண்டனப் பேரணி நடந்தது. பாண்ட் கூட்டரசு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கீழவை உறுப்பினர் ஜேம்ஸ் ஃபிளாய்டு எதிர்வாதிகளுள் முதல்வராகக் குறிக்கப்பட்டதால் வழக்குக்கு அப்பெயர் அமைந்தது. தொகுதி வாக்காளர் என்ற முறையில் கிங்கும் வாதிகளுள் ஒருவராக இணைந்தார். உறுப்பினரை வெளியே நிறுத்தினால் இழப்பு அவருக்கு மட்டுமன்று, தொகுதி மக்களுக்கும்தான் என்பதை இது உணர்த்தியது.

மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு 1966 பெப்ரவரியில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பாண்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பாண்டின் பேச்சு அரசின் கொள்கையை விமர்சிக்கும் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அவை கருதியதற்குப் போதிய அடிப்படை உண்டு என்றனர் கிரிஃபின் பெல், லூயிஸ் மோர்கன் ஆகிய இரு நீதிபதிகள். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய எல்பர்ட் டட்டில், அரசியலமைப்பில் சொல்லப்பட்ட தகுதிகளுக்கு மேல் புதிய தகுதியைச் சேர்க்க அவைக்கு அதிகாரம் இல்லை என்றார்.

மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. இதனிடையே, காலியானதாகக் கருதப்பட்ட இடத்துக்கு ஆளுநர் இடைத்தேர்தல் அறிவித்தார். பாண்ட் அதில் நின்று பெரும் ஆதரவுடன் வென்றார். கூட்டத்தொடர் முடிந்திருந்ததால் அவையின் விதிகள் குழு இவரை அழைத்துக் கருத்தை மாற்றிக்கொள்கிறாரா என்று கேட்டது. இவர் மறுத்தார். மீண்டும் பதவி மறுக்கப்பட்டது. 1966 செப்டம்பரில் முதனிலைத் தேர்தல், நவம்பர் 8 அன்று பொதுத் தேர்தல் இரண்டிலும் வெற்றி பெற்றார். ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று முறை ஒரே தொகுதியால் ஒரே அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், அவ்வவையில் இவரால் ஒருநாள்கூட அமர முடியவில்லை. அக்காலம் முழுவதும் 136 ஆம் தொகுதி மக்களுக்குக் கீழவையில் உறுப்பினர் இல்லை.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

1966 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. பாண்டின் சார்பில் ஹோவர்ட் மூர், லெனார்ட் பூடின் ஆகியோர் வாதிட்டனர். மூர் பாண்டின் தமக்கை கணவரும் ஆவார். மாநிலத்தின் சார்பில் அதன் தலைமை வழக்கறிஞர் ஆர்தர் போல்ட்டன் வாதிட்டார். டிசம்பர் 5 அன்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தீர்ப்பை வெளியிட்டார். ஒன்பது நீதிபதிகளும் உடன்பட்டிருந்தனர்.

மாநில அரசு இரு வாதங்களை முன்வைத்திருந்தது. உறுதிமொழி ஏற்பவரின் உள்ளத் தூய்மையை மதிப்பிடுவது அவையின் உரிமை, அதில் நீதிமன்றம் தலையிடலாகாது என்பது முதலாவது. அரசியலமைப்பைக் காப்பதாக உறுதிமொழி ஏற்குமாறு உறுப்பினர்களைக் கேட்பதில் தவறில்லை என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அதனைச் சாக்காகக் கொண்டு, கருத்து மாறுபடும் உறுப்பினரின் நேர்மையைப் பெரும்பான்மையினர் அளந்து பார்க்கும் அதிகாரம் வழங்கப்பட்டால், சட்டப்படியான கருத்துகளையும் அடக்கிவிட முடியும் என்று கூறி இவ்வாதத்தைத் தள்ளியது.

சாதாரணக் குடிமகன் போரை எதிர்த்துப் பேசலாம், ஆனால் மக்கள் பிரதிநிதி கூடுதல் கட்டுப்பாட்டுக்கு உரியவர் என்பது இரண்டாவது வாதம். நீதிமன்றம் இதனைத் தலைகீழாகத் திருப்பியது என்று சொல்லலாம். சர்ச்சைக்குரிய பொது விடயங்களில் தம் நிலையைச் சொல்வது பிரதிநிதியின் கடமை. சொன்னால்தான் வாக்களித்தவர்கள் அவரை அறிந்து மதிப்பிட இயலும். எனவே கொள்கை பற்றிக் கருத்துரைக்க அவருக்கு மிகப் பரந்த உரிமை இருத்தல் வேண்டும் என்றது. பாண்டின் சொற்கள் சட்டத்தை மீறுமாறு எவரையும் தூண்டவில்லை என்றும், ஒரு குடிமகன் அவற்றைச் சொல்லியிருந்தால் அவரைத் தண்டித்திருக்க முடியாது என்றும் கண்டது. ஆகவே பதவி மறுப்பு அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் காக்கும் பேச்சுரிமைக்கு எதிரானது எனத் தீர்ப்பாயிற்று.

மறுப்புக்கு இனப்பாகுபாடு காரணமா என்னும் கேள்வியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சுரிமை அடிப்படையிலேயே வழக்கு முடிந்துவிட்டதால் அதற்குத் தேவை எழவில்லை. 1868 வெளியேற்றத்தை நினைவில் வைத்திருந்த பலருக்கு இது ஒரு குறையாகவே பட்டிருக்கலாம். எனினும், தீர்ப்பு பேச்சுரிமையில் நின்றதால்தான் அது பின்னர் எல்லா உறுப்பினர்களுக்கும் பொருந்துவதாயிற்று. மூன்றாண்டுகளுக்குப் பின், 1969 இல், ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசின் கீழவை ஆடம் கிளேட்டன் பவலை ஏற்க மறுத்த வழக்கிலும், அரசியலமைப்பு கூறும் தகுதிகளை உடைய உறுப்பினரை அவை விலக்க இயலாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டமன்றப் பணி

1967 ஜனவரி 9 அன்று பாண்ட் உறுதிமொழி ஏற்றார். வழக்கில் வென்றதால் அவையின் மனம் மாறிவிடவில்லை. இவரை வெளியேற்ற வாக்களித்தவர்களுள் பலர் அதே அவையில் தொடர்ந்து இருந்தனர். ஆளுநர் தேர்தலில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காததால், சட்டமன்றமே அந்த வாரத்தில் லெஸ்டர் மாடாக்ஸை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது. தம் உணவகத்துக்கு வந்த கறுப்பினத்தவரை 1964 இல் ஆயுதம் காட்டி விரட்டியதால் பெயர் பெற்றவர் அவர். இத்தகைய சூழலில் கீழவையின் முதல் ஆண்டுகளில் இவரால் சட்டமாக்க முடிந்தவை குறைவு.

வெளியே இவருடைய புகழ் வேறு விதமாக வளர்ந்தது. 1968 இல் சிக்காகோவில் நடந்த ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டுக்கு, மாடாக்ஸ் சார்பினர் தேர்ந்தெடுத்த ஜோர்ஜியா பேராளர் குழுவில் பெரும்பாலும் வெள்ளையரே இருந்தனர். அதனை எதிர்த்து இரு இனத்தவரும் கொண்ட மாற்றுக் குழுவை நடத்திச் சென்றவர்களுள் பாண்டும் ஒருவர். மாநிலத்துக்குரிய இடங்கள் இரு குழுக்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதே மாநாட்டில் விஸ்கொன்சின் பேராளர்கள் இவருடைய பெயரைத் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிந்தனர். பெரிய கட்சி ஒன்றின் மாநாட்டில் அப்பதவிக்கு முன்மொழியப்பட்ட முதல் ஆபிரிக்க அமெரிக்கர் இவரே. அப்பதவிக்குக் குறைந்தது 35 வயது தேவை. அப்போது இவருக்கு வயது 28. எனவே பெயரை விலக்கிக்கொண்டார்.

1974 தேர்தலில் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1975 முதல் 1987 வரை ஆறு தவணைகள் அங்கு இருந்தார். இருபது ஆண்டுகளில் இவர் முன்மொழிந்தோ இணைந்து முன்மொழிந்தோ சட்டமானவை அறுபதுக்கும் மேற்பட்டவை என்று சொல்லப்படுகிறது. சட்டமன்றக் கருப்பின உறுப்பினர்கள் ஓர் அணியாகச் செயல்படத் தொடங்கியதும் இக்காலத்திலேயே. 1868 இல் வெளியேற்றப்பட்டவர்களின் நினைவாகத் தலைமைக் கட்டட வளாகத்தில் சிற்பம் ஒன்று நிறுவப்பட்டது அவ்வணியின் முயற்சியால் ஆகும்.

தொகுதி மறுவரையறை

மேலவையில் இவர் ஆற்றிய பணிகளுள் மிகப் பெரியது 1981–82 தொகுதி மறுவரையறைப் போராட்டம் எனலாம். அட்லான்டாவை உள்ளடக்கிய காங்கிரசின் ஐந்தாம் தொகுதியில் கறுப்பினத்தவர் தெளிவான பெரும்பான்மை பெறும்படி, அவர்கள் 69 விழுக்காடாக அமையும் வரைபடம் ஒன்றைப் பாண்ட் முன்வைத்தார். குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் சிலரும் தத்தம் கணக்குகளுடன் இதனை ஆதரித்தனர். கீழவை ஏற்கவில்லை. இறுதியில் நிறைவேறிய வரைபடத்தில் அவ்விகிதம் 57 ஆகக் குறைந்தது. வயது, வாக்காளர் பதிவு ஆகியவற்றைக் கணக்கிட்டால் கறுப்பின வாக்காளர்கள் சிறுபான்மையினராகவே எஞ்சினர்.

1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டப்படி, ஜோர்ஜியா தன் தேர்தல் ஏற்பாடுகளை மாற்றுமுன் கூட்டரசின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. (இக்கட்டாயம் 2013 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் செயலற்றதாயிற்று.) வாஷிங்டனில் நடந்த வழக்கில் 1982 இல் நீதிமன்றம் ஒப்புதலை மறுத்தது. வரைபடம் பாகுபாட்டு நோக்கத்துடன் வரையப்பட்டது எனக் கண்ட நீதிமன்றம், கீழவையின் மறுவரையறைக் குழுத் தலைவரை இனவெறியர் என்றே தன் முடிவில் எழுதியது. சட்டமன்றம் மீண்டும் கூடி விகிதத்தை ஏறத்தாழ 65 ஆக உயர்த்தியது.

1986 தேர்தல்

தாம் போராடி வடிவமைத்த அதே ஐந்தாம் தொகுதியில் 1986 இல் பாண்ட் காங்கிரசுக்குப் போட்டியிட்டார். அதற்காக மேலவை இருக்கையைக் கைவிட்டார். எதிர்த்து நின்றவர்களுள் முதன்மையானவர் ஜோன் லூயிஸ். ஸ்னிக் அமைப்பின் தலைவராக இருந்தவரும், 1965 இல் செல்மா பாலத்தில் காவலர்களால் மண்டை உடைக்கப்பட்டவருமான லூயிஸ், பாண்டின் கால் நூற்றாண்டு நண்பர்.

முதல் சுற்றில் பாண்ட் 47 விழுக்காடும் லூயிஸ் 35 விழுக்காடும் பெற்றனர். பாதிக்கு மேல் எவரும் பெறாததால் செப்டம்பரில் இரண்டாம் சுற்று நடந்தது. தாம் வேலை செய்பவர், காட்சிக்கு நிற்பவர் அல்லர் என்னும் பொருள்பட லூயிஸ் பரப்புரை செய்தார். நாடெங்கும் சொற்பொழிவுகளுக்குச் சென்ற பாண்ட் சட்டமன்றப் பணியில் போதிய கவனம் செலுத்தவில்லை என்னும் குறை நெடுநாளாகவே பேசப்பட்டு வந்தது. போதைப்பொருள் பரிசோதனைக்கு இருவரும் உட்படுவோம் என்று லூயிஸ் விடுத்த அறைகூவல் நட்பில் ஆழ்ந்த காயத்தை உண்டாக்கியது. முடிவில் லூயிஸ் 52, பாண்ட் 48 என்ற விழுக்காட்டில் தேர்தல் முடிந்தது. கறுப்பின வாக்காளர்களுள் பெரும்பான்மையினர் பாண்டுக்கே வாக்களித்திருந்தனர். வெள்ளையின வாக்குகளே லூயிஸுக்கு வெற்றி தந்தன. லூயிஸ் 2020 இல் இறக்கும் வரை அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார். பாண்ட் அதன்பின் எத்தேர்தலிலும் நிற்கவில்லை.

பிற்காலம்

குடிசார் உரிமை இயக்கத்தின் வரலாற்றைக் கூறும் 'ஐஸ் ஆன் த பிரைஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடருக்கு (1987, 1990) பாண்ட் பின்னணிக் குரல் கொடுத்தார். அமெரிக்காவின் இளைய தலைமுறையினர் பலர் இவரை அக்குரலாலேயே அறிவர். வெர்ஜீனியா பல்கலைக்கழகத்திலும் வாஷிங்டனின் அமெரிக்கன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். வெறுப்புக் குழுக்களுக்கு எதிராக வழக்காடிய தெற்கு வறுமைச் சட்ட மையத்துக்கு 1971 முதல் 1979 வரை முதல் தலைவராக இருந்தவரும் இவரே. கறுப்பினத்தவரின் மிகப் பழைய உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைவராக 1998 முதல் 2010 வரை பணியாற்றினார். ஒருபாலினத்தவரின் திருமண உரிமையையும் குடிசார் உரிமையாகவே கருதி, அவ்வமைப்பினுள் எதிர்ப்பு இருந்த காலத்திலேயே வெளிப்படையாக ஆதரித்தார்.

2015 ஆகஸ்ட் 15 அன்று புளோரிடாவின் ஃபோர்ட் வால்டன் பீச் நகரில் தமது 75 ஆம் வயதில் காலமானார். இவருடைய சாம்பல் மெக்சிக்கோ வளைகுடாவில் கரைக்கப்பட்டது. இவருடைய மகன்களுள் ஒருவரான மைக்கேல் ஜூலியன் பாண்ட் அட்லான்டா நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆவார்.